மூன்றாம் நாள் மண்வெட்டி

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. இதை முதலில் சொன்னவர் நிச்சயம் ஒரு குடும்பஸ்தராகத்தான் இருக்க வேண்டும். அரிசிப் பானையின் அடியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. அதில் அனுபவம் இருக்கிறது. கொஞ்சம் அலுப்பும் இருக்கிறது. ஆனால் நாலாம் நாள் விருந்தாளி என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பழமொழி சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நாமாக அனுமானித்துக்கொள்கிறோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்வாஹிலி பேசுகிறவர்களிடமும் இதே போல ஒரு பழமொழி இருக்கிறது. 'விருந்தாளிக்கு இரண்டு நாள்; மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு' என்பது அது. மண்வெட்டிக்கு அவர்கள் சொல் 'ஜெம்பே'. நீண்ட காம்பும் அகன்ற தகடுமாக, நம்முடைய மண்வெட்டிக்குத் தாயாதி முறை என்று சொல்லும்படி இருக்கும். தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே 1962-ல் வெளியிட்ட ஒரு சிறு பிரசுரத்தில் இந்தப் பழமொழியை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்தத் தேசத்து ஜனங்கள் அவரை 'முவாலிமு', அதாவது வாத்தியார், என்றுதான் அன்போடு அழைத்தார்கள். வாத்தியார் பாடம் நடத்துவதற்குத் தோதான பழமொழிதான்.

நம் பழமொழி விருந்தாளியை வழியனுப்பி வைக்கிறது. அவர்களுடைய பழமொழி அவனை இருக்கச் சொல்கிறது. சும்மா இருக்காதே என்றும் சொல்கிறது. தார் எஸ் ஸலாம் நகரத்தில் உத்தியோக நிமித்தம் மூன்று வருஷம் குடியிருந்த எனக்கு இந்த இரண்டாவது பழமொழி அடிக்கடி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. வயலில் இறங்கி வெட்டச் சொல்லி அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் பிறர் தேசத்தில், அதுவும் நம்மைவிடப் பணமுடை அதிகமுள்ள தேசத்தில், சௌகரியமாக வாழ்கிற ஒருவன் அந்தத் தேசத்துக்கு எதற்குக் கடமைப்பட்டவன்? வேலை செய்தோம், சம்பளம் வாங்கினோம், வாடகை கொடுத்தோம், வரி கட்டினோம், கணக்குத் தீர்ந்தது என்று சொல்லிவிடலாமா? அல்லது அத்தனைக்கும் பிறகு ஏதாவது பாக்கி நிற்கிறதா? நின்றால், அதை எந்த நாணயத்தில் அடைப்பது?

'வளரும் நாடு' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பிறரைப் பற்றி நாம் சொல்லும்போது அது ஒரு மாதிரி ஒலிக்கிறது. நம்மைப் பற்றிப் பிறர் சொல்லும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. உலக வங்கி வருஷந்தோறும் நாடுகளை வருமானப்படி வகுப்புப் பிரிக்கிறது. 2020 ஜூலையில் தான்சானியா கடைசி வகுப்பிலிருந்து அதற்கு அடுத்த 'கீழ் நடுத்தர வருமானம்' என்ற வகுப்புக்குத் தேறியது. அந்த வகுப்பில் ஏற்கனவே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பையன்களில் இந்தியாவும் ஒருவன். பெஞ்சியின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தூரம் உண்டு என்பது வாஸ்தவம். இருந்தாலும் வகுப்பு ஒன்றுதான். ஆனால் இங்கிருந்து போகிற நம்மவர், விமானத்தை விட்டு இறங்கியவுடனேயே பெரிய வகுப்புப் பையனாகிவிடுகிறார்.

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சென்னையில் அவர் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றவர்; தக்காளி விலையைக் கேட்டுவிட்டு அரைக் கிலோவைக் கால் கிலோவாக்கிக்கொண்டவர். தார் எஸ் ஸலாமில் அவருக்குக் கடல் காற்று வரும் வீடு. வாசலில் 'அஸ்காரி' என்கிற காவல்காரர். கார் ஓட்ட ஒருவர். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஓர் அம்மாள். நான் இருந்த நாளில் ஒரு ரூபாய்க்குச் சுமார் 30 ஷில்லிங் கிடைத்தது. பத்தாயிரம் ஷில்லிங் நோட்டை எடுத்து நீட்டும்போது கைக்கே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அவருக்குப் படிப்புக் கூடிவிடவில்லை; புத்தியும் கூடிவிடவில்லை. ஒரு சமுத்திரத்தைத் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான். பெருக்கல் கணக்கில் கிடைத்த கம்பீரம் அது. ஆனால் பெருக்கலால் வந்தது என்பதை மனம் சீக்கிரம் மறந்துவிடுகிறது. தன் யோக்கியதையால் வந்தது என்று நினைக்க ஆரம்பிக்கிறது. ஆறு மாதத்துக்குள் அவர் வேலைக்காரர்களைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கியிருப்பார். ஊரில் வேலைக்காரர் வைத்தே பழக்கமில்லாதவர்தான் இதில் அதிக சுறுசுறுப்புக் காட்டுகிறார் என்பது நான் கண்டது.

அந்த ஊரில் இந்தியரைக் கண்டால் 'போஸி' என்று அழைப்பவர்கள் உண்டு. 'பாஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தைதான், ஸ்வாஹிலிக்காரர்கள் வழக்கப்படி வால் முளைத்து நிற்கிறது. கடைக்காரர் அழைப்பார், கார் நிறுத்தும் இடத்துப் பையன் அழைப்பான். நம் இந்தியர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே நம்முடைய சொற்கள் அங்கே போய்க் குடியேறிவிட்டன என்பது போல இருக்கும் அந்த பாஷையைக் கேட்டால். பணத்துக்குப் 'பெஸா', வண்டிக்குக் 'காரி', லட்சத்துக்கு 'லாகி', சப்பாத்திக்குச் 'சப்பாதி'. நம் ஊர் ஆட்டோ ரிக்ஷாவுக்குப் 'பஜாஜி' என்றே பெயர். சொற்கள் எல்லாம் கூச்சமின்றி அந்த மக்களோடு கலந்துவிட்டன. சொற்களைக் கொண்டுபோன மனிதர்கள்தான் கலக்கவில்லை.

மாலை வேளைகளில் நம்மவர்கள் கூடிப் பேசும்போது தவறாமல் ஒரு பேச்சு வரும். "இந்த ஜனங்கள் சோம்பேறிகள். எதற்கும் 'போலே போலே' என்கிறார்கள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம்! இப்படி இருந்தால் நாடு எப்படி உருப்படும்?" என்பார் ஒருவர். இன்னொருவர் ஓர் உதாரணம் சொல்வார். மூன்றாமவர் அதைவிடப் பெரிய உதாரணம் சொல்வார். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் மாலை வேளைகளில் கூடி நம் தாத்தாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இதே ராகத்தில்தான் இருந்திருக்கும். பாட்டு மாறவில்லை, பாடுகிறவர்தான் மாறியிருக்கிறார்.

இத்தனைக்கும் அந்த வீதியிலேயே விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி 'மாந்தாஸி' என்ற அப்பத்தை எண்ணெயில் போட்டு எடுத்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் நாளைத் தொடங்கும் கணக்கே சூரியனோடு ஒட்டியது. நாம் காலை 7 மணி என்பது அவர்களுக்கு 1 மணி. சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் ஆயிற்று என்று பொருள். உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டனாருக்கு இது உடனே விளங்கியிருக்கும். அவருடைய பேரனுக்குத்தான் வேடிக்கையாக இருக்கிறது.

மெதுவாக நடக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, அவர்கள் மரியாதைக்குச் செலவிடும் நேரம். அங்கே ஓர் ஆபீசுக்குப் போய் நேராகக் காரியத்தைப் பேச ஆரம்பித்தால் முரடன் என்று நினைப்பார்கள். முதலில் காலைச் செய்தி என்ன என்று கேட்க வேண்டும். அப்புறம் வீட்டுச் செய்தி, வேலைச் செய்தி. வயதில் மூத்தவரைக் கண்டால் 'ஷிகமோ' என்று சொல்ல வேண்டும். 'உங்கள் காலைப் பற்றுகிறேன்' என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள் என்பார்கள். மூத்தவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். காலில் விழுந்து வணங்கும் வழக்கமுள்ள ஊரிலிருந்து போனவனுக்கு இதைவிட நெருக்கமான வார்த்தை வேறென்ன வேண்டும்? ஆனால் பல வருஷம் அங்கே வாழ்ந்தும், அஸ்காரியாக நிற்கும் நரைத்த தலைக் கிழவருக்கு ஒரு 'ஷிகமோ' சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவன் எப்படி வணங்குவது என்ற சங்கடம். வயதுக்கு மரியாதை என்று நாம் சொல்லிக்கொள்வது அந்த இடத்தில் வயதுக்கா, பணத்துக்கா என்று தெரிந்துபோகிறது.

இந்த விஷயத்தில் சரித்திரம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஜெர்மானியர் காலத்திலும், பிறகு பிரிட்டிஷார் காலத்திலும் தார் எஸ் ஸலாம் நகரம் மூன்று கூறாக வகுக்கப்பட்டிருந்தது. காற்றோட்டமான கடற்கரை ஐரோப்பியருக்கு. நடுவே கடைவீதி இந்தியருக்கு. அதற்கு அப்பால் கரியாக்கூ ஆப்பிரிக்கருக்கு. கரியாக்கூ என்பது 'காரியர் கோர்' என்ற இங்கிலீஷ்ப் பெயரின் திரிபு. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சைன்யத்துக்குச் சுமை தூக்கி நடந்த ஆப்பிரிக்கர்களின் படை அது. அந்தப் படையில் பல்லாயிரம் பேர் நோயிலும் பசியிலும் மாண்டார்கள். சுமை தூக்கியவர்களின் பெயர் ஊரின் பெரிய சந்தைக்கு நிலைத்துவிட்டது. இந்தியர்கள் மேலும் இல்லை, கீழும் இல்லை. நடுத் தட்டில் இருந்தார்கள். நடுத் தட்டுக்காரனுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மேல் தட்டைப் பார்த்து ஏங்குவான். கீழ்த் தட்டைப் பார்க்கவே மாட்டான்.

டாங்கனிகா 1961 டிசம்பர் 9-ஆம் தேதி சுதந்திரம் அடைந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு சட்டசபையில், ஆப்பிரிக்கருக்கு மட்டுமே குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். நைரேரே கடுங்கோபம் கொண்டார். தோல் நிறத்தைப் பார்த்துக் குடியுரிமை கொடுப்பதானால் தம் அரசாங்கம் ராஜிநாமா செய்யும் என்று சொல்லி அந்த யோசனையைத் தோற்கடித்தார். இந்தியக் குடும்பத்தில் பிறந்த அமீர் ஜமால் அவருடைய மந்திரி சபையில் பல வருஷம் நிதி மந்திரியாக இருந்தார். மூன்றாம் நாள் மண்வெட்டியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர்களில் அவர் ஒருவர்.

ஆனால் கதை அத்துடன் சுகமாக முடியவில்லை. 1967-ல் அருஷா பிரகடனம் வந்தது. வங்கிகளும் பெரிய வியாபாரங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1971-ல் ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். மறு வருஷம் பக்கத்து நாடான உகாண்டாவில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்து நாட்டை விட்டே விரட்டினான். அங்கேயே பிறந்தவர்கள், அங்கேயே உழைத்தவர்கள் எல்லோரும் அந்தக் கும்பலில் போனார்கள். மண்வெட்டி எடுத்தவன் யார், எடுக்காதவன் யார் என்று அவன் பார்க்கவில்லை. அது அநியாயம். அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் அநியாயத்துக்கு ஆளானவர்கள் என்பதாலேயே முன்பு நடந்ததெல்லாம் நியாயம் ஆகிவிடாது. அடுத்த வீட்டுக்காரனை ஐம்பது வருஷம் பெயர் கேட்காமல் இருந்தால், ஆபத்து வருகிற அன்று நமக்காகப் பேச அவன் வாசலுக்கு வருவானா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது போகிறவர்களின் நிலைமை வேறு. நாங்கள் குடியேறப் போகவில்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று ஒப்பந்தத்தில் போகிறோம். எனக்கும் அந்த ஜனங்களுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் எது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பணம் என்றுதான் முதலில் தோன்றும். அங்கே என்னைவிடப் பணக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. படிப்பு என்றால், என்னைவிடப் படித்தவர்களும் உண்டு. வித்தியாசம் என் அலமாரியில், பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்த திரும்பிப் போகும் விமானச் சீட்டில் இருந்தது. என்னால் போய்விட முடியும். அவர்களால் முடியாது.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது. தண்ணீர்க் குழாய் வறண்டால் அவர்களுக்கு அது வாழ்க்கை. எனக்கு அது ஓர் அனுபவம், ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை. 2020-ல் கொள்ளை நோய் பரவியபோது இந்தியா பல தேசங்களுக்கு விமானம் அனுப்பித் தன் ஜனங்களை அழைத்துக்கொண்டது. தான்சானியா அரசாங்கமோ அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு நோயாளிகளின் கணக்கை வெளியிடுவதையே ஒரு வருஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. எத்தனை பேர் என்று தெரியாமல், போக இடமும் இல்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். திரும்பும் சீட்டு வைத்திருப்பவன் பயப்படுவதும் வேறு. தைரியமாக இருப்பதும் வேறு. அவன் பொறுமை பரீட்சைக்கு உள்ளாவதே இல்லை. அதனால்தான் அவனுக்கு அபிப்பிராயங்கள் அதிகம். நாடு எப்படி உருப்படும் என்று கேட்கிறவன், அது உருப்படாவிட்டால் தனக்கு என்ன நஷ்டம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நஷ்டமும் இல்லை என்றால், அவன் அபிப்பிராயத்துக்கு அவ்வளவுதான் விலை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டுமா? அதை யாரும் செய்யப் போவதில்லை. செய்தாலும் நாடகமாகத்தான் இருக்கும். தருமம் செய்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தருமம் நல்லதுதான். ஆனால் கொடுக்கிற கை எப்போதும் மேலே இருக்கிறது. வாங்குகிற கை கீழே இருக்கிறது. ஏற்கனவே பெருக்கல் கணக்கால் மேலே ஏறி நிற்பவன், தருமத்தால் இன்னும் ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறான்.

சம்பளமும் பேரமும் இதைவிட முக்கியமானவை. வேலை செய்கிறவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், "நீங்கள் ரேட்டைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று அக்கம்பக்கத்து நம்மவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஊர் வழக்கத்தை வெளியார் கெடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஊர் வழக்கத்தில் வேறு எதையும் பின்பற்றாதவர்கள் சம்பள வழக்கத்தை மட்டும் இவ்வளவு பக்தியோடு காப்பாற்றுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கரியாக்கூ சந்தையில் பேரம் பேசுவது வேறு சமாசாரம். கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறவனை அங்கே வள்ளல் என்று யாரும் நினைப்பதில்லை. பேசக்கூடப் பிரியப்படாதவன் என்று நினைப்பார்கள். ஆகவே பேரம் பேசத்தான் வேண்டும். விற்கிறவள் சிரிக்கிற வரைக்கும் பேசலாம். அவள் முகம் சுருங்குகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஐந்நூறு ஷில்லிங் எனக்கு ஒரு காப்பிக்குக் காணாது. அவளுக்கு அது அன்றைய லாபமாக இருக்கலாம்.

கொடுப்பதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று இருக்கிறது. அது வாங்கிக்கொள்வது.

எனக்குக் கார் ஓட்டியவர் ஒரு முறை தம் கிராமத்துக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மொரோகோரோவுக்கு அப்பால், உலுகுரு மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். மண் சுவர் வீடு, தகரக் கூரை, பின்னால் வாழைத் தோப்பு. அவருடைய தாயார் வாசலுக்கு வந்தார். 'ஷிகமோ' என்றேன். 'மரஹபா' என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டவர் வெகு நேரம் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு சிறு பெண் செம்பில் வெந்நீர் கொண்டு வந்து எங்கள் கைகளில் ஊற்றினாள். சோள மாவுக் களி, 'ம்சிச்சா' என்ற கீரை, நம் ஊர்த் தண்டுக்கீரையின் ஜாதிதான், பயறு, விருந்தாளிக்கென்று அடித்த கோழி. வீட்டில் இருந்த இரண்டு கோழிகளில் ஒன்று அது என்று பிற்பாடு தெரிந்தது. கிளம்பும்போது இரண்டாவது கோழியைக் காலைக் கட்டி, உயிரோடு, என் மடியில் வைத்தார் அந்த அம்மாள். விருந்தாளியைக் கோழி கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம்.

கூட வந்திருந்த நண்பர் என் காதருகில், "பாவம், பணம் கொடுத்துவிடுங்கள், ஒரு கோழி என்ன விலை இருக்கும்?" என்றார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தப் பணத்தை நீட்டியிருந்தால், அந்த வாசலில் மறுபடியும் நான் 'போஸி' ஆகியிருப்பேன். அவர்கள் வீட்டுக்கு வந்த ஒருவனை உபசரிக்கும் அந்தஸ்து அவர்களுக்கு உண்டு என்பதைப் பணம் கொடுத்து ரத்துச் செய்ததாகியிருக்கும். நான் கோழியை வாங்கிக்கொண்டேன். அன்று ஒரு நாள் நான் எஜமானன் இல்லை. அந்தக் கிழவிக்கு வேற்றூரிலிருந்து வந்த இன்னொரு பிள்ளை. கோழி எங்கள் வீட்டில் வெகு நாள் இருந்து முட்டையிட்டது. முட்டைக்கு மேல் முட்டையாகக் கடனும் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தக் கடன் எனக்குப் பாரமாக இல்லை. அதைச் சுமந்துகொண்டிருப்பதில் ஒரு மரியாதை இருந்தது.

இரக்கம் நல்ல குணம் என்கிறோம். ஆனால் ஒருவரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாத இரக்கம், அவரை நமக்குச் சமமாக ஒப்புக்கொள்ளாத இரக்கம். கடன்படாமல் உறவு இல்லை. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் நோட்டு எழுதி வைப்பது எதற்காக? திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஞாபகத்துக்காக. அதாவது, உறவு தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

இந்தக் கடன் விஷயம் வெளிநாட்டுக்குப் போனவர்களோடு நிற்பதில்லை. வீட்டை விட்டு வெளியே போகாதவர்களையும் தொடுகிறது. தான்சானியாவில் துவரை விளைகிறது. அவர்கள் அதை 'ம்பாஸி' என்பார்கள். அதில் பெரும்பங்கை இந்தியாவில் சாம்பார் வைப்பவர்களை நம்பியே விதைத்தார்கள். 2016-ல் நம் ஊரிலேயே துவரை அமோகமாக விளைந்து விலை விழுந்துவிட்டது. நம் விவசாயியைக் காப்பாற்ற 2017 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் துவரை இறக்குமதி இல்லை என்று வரம்பு கட்டியது. நம் விவசாயியும் ஏழைதான். அவனைக் காப்பாற்றியது தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கடலுக்கு அக்கரையில், லிண்டியிலும் முத்துவாராவிலும் பபாத்தியிலும் அறுவடை செய்து மூட்டை கட்டி வைத்திருந்தவனுக்கு விலை மடமடவென்று சரிந்தது. 2021-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நடுவில் போன வருஷங்களை யாரும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. நம் அடுப்பில் கொதிக்கும் குழம்பில் இப்படி முகம் தெரியாத ஒருவனுடைய மண்வெட்டி இருக்கிறது. அவனைச் சோம்பேறி என்று சொல்லும்போது இலையில் என்ன பரிமாறியிருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்ப்பது நல்லது.

அப்படியானால் என் மண்வெட்டி எது? என் போன்றவனுக்கு அது மிகப் பெரிய கருவி அல்ல. அந்த ஜனங்களின் பாஷையில் கொஞ்சமாவது பேசக் கற்றுக்கொள்வது, சம்பளத்தில் நியாயமாக இருப்பது, பெரியவரைக் கண்டால் வணங்குவது, கொடுத்தால் வாங்கிக்கொள்வது, அபிப்பிராயத்தை அடக்கி வைப்பது. இவையெல்லாம் அங்கே இருக்கும்போது செய்ய வேண்டியவை. ஆனால் முக்கியமான வேலை ஊர் திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. திரும்பி வந்தவனை எல்லோரும் கேட்பார்கள், "ஆப்பிரிக்கா எப்படி ஐயா இருக்கிறது?" என்று. "அங்கே என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை" என்று கையை விரித்துவிடலாம். சிங்கம், புலி கதை சொல்லிச் சிரிக்க வைக்கலாம். (அங்கே புலியே கிடையாது, கேட்கிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.) உண்மையைச் சொல்லவும் செய்யலாம். திரும்பும் சீட்டு வைத்திருந்தவனுக்கு அந்தச் சீட்டினால் ஏற்படும் கடமை இது. அங்கே உள்ளவர்கள் இங்கே வந்து தங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. சாட்சி சொல்ல வந்திருப்பவன் அவன்தான்.

பொய்ச் சாட்சியினால் என்ன விளையும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2016 ஜனவரி 31-ஆம் தேதி பெங்களூரில் சூடான் தேசத்தவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண்மணி இறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியாக வேறொரு காரில் வந்தாள் தான்சானியாவிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு மாணவி. விபத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சூடான் எங்கே, தான்சானியா எங்கே? கூட்டத்துக்கு அது தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவளை அடித்து அவமானப்படுத்தி, அவள் வந்த காரைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்தியாதான் வெளிநாடு. இந்தியாதான் வளரும் நாடு. தன் தகப்பனாருக்கு அவள் எங்களைப் பற்றி என்ன கடிதம் எழுதியிருப்பாள்? 'இந்த ஜனங்கள்' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் எழுத அவளுக்குச் சகல உரிமையும் உண்டு.

சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் ஸான்ஸிபாரில் ஒரு வளாகம் திறந்திருக்கிறது. வெளிநாட்டில் திறந்த முதல் ஐ.ஐ.டி. அதுதான். நம்மவர்கள் அங்கே போய்ப் பாடம் சொல்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் தேசங்களுக்கிடையே போகவரப் பெரிய கட்டடங்கள் மட்டும் போதாது. சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று தான்சானியாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கலாம். வண்ண வண்ணக் 'காங்கா'த் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் காகிதக் கட்டுடன், எந்த வழியாகப் போவது என்று தெரியாமல் நிற்கும் ஒரு தாயாரை நீங்களும் கடந்து போயிருக்கலாம். அவர்களும் நம் வீட்டு விருந்தாளிகள்தான்.

மெதுவாக என்பதற்கு ஸ்வாஹிலியில் 'போலே போலே' என்று சொன்னேன். அதே 'போலே'யை ஒரு முறை மட்டும் சொன்னால் வேறு பொருள். தடுக்கி விழுந்தவரிடம் சொல்வார்கள். சுமை தூக்கி வருகிறவரிடம் சொல்வார்கள். காய்ச்சலில் படுத்தவரிடமும், துக்க வீட்டிலும் சொல்வார்கள். 'உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது' என்று அர்த்தம். தப்பு யாருடையது என்ற விசாரணையெல்லாம் அதில் கிடையாது. தமிழில் அதற்கு நேரான ஒற்றைச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நம் காதுக்கு அது தமிழாகவே விழுகிறது. என்னைப் போலே நீயும் என்று பாதி வாக்கியம் மாதிரி. அந்தத் தாயாரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அவர் போக வேண்டிய அறையைக் காட்டிக் கொடுக்கலாம். இதற்கு விமானச் சீட்டு ஒன்றும் தேவையில்லை.